எத்தனை பேர் வந்தார்கள் என்பதா கேள்வி?

புதிதாக வெப்சைட் ஆரம்பித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன், நேற்று எத்தனை பேர் நம் தளத்திற்கு வந்தார்கள் என்று பார்ப்பார்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் அன்று முழுவதும் சந்தோஷம். குறைந்திருந்தால் தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவருக்கு உடனே போன் போகும்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சங்ககிரி. லாரி புக்கிங் ஆபீஸ், பாடி கட்டும் பட்டறை, விசைத்தறி என்று தொழில் செய்யும் உறவினர்கள் பலர் இப்போது வெப்சைட் வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "தம்பி, நம்ம சைட்டுக்கு வர்ற கூட்டத்த இன்னும் கொஞ்சம் ஏத்தி விட முடியுமா?"

இந்த எண்ணிக்கையை நம்பி உங்கள் தளத்தை அளக்காதீர்கள் என்பதே என் கருத்து. பக்கத்தின் வடிவமைப்பைச் சரி செய்ய நமக்குத் தெரிய வேண்டியது வேறு சில விஷயங்கள். அவற்றைத் தெரிந்து கொள்ள, வருபவர்களின் பின்னாலேயே போய் வேவு பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

டோல்கேட் கணக்கு

சேலம் - கோவை நெடுஞ்சாலையில் எங்கள் ஊருக்கு அருகே வைகுந்தம் சுங்கச்சாவடி இருக்கிறது. அதைக் கடந்து போன வண்டிகளின் கணக்கை அங்கே எளிதாக எடுத்துவிடலாம். ஆனால் எந்த வண்டியில் லோடு இருந்தது, எது காலியாகத் திரும்பியது, எது சரக்கை ஒழுங்காக இறக்கியது என்பதையெல்லாம் அந்த எண்ணிக்கை சொல்லாது. லாரி முதலாளிக்கு வேண்டியதோ அந்த விவரங்கள்தான்.

வெப்சைட்டின் அடியில் ஓடும் கவுன்ட்டரும் இப்படித்தான். அரசுத் துறைகளின் பல தளங்களில்கூட 'பார்வையாளர் எண்ணிக்கை' என்று ஒரு பெரிய எண்ணை இன்றும் பார்க்கலாம். அதில் பாதியாவது வேலை முடிந்து போனவர்களா, தேடியது கிடைக்காமல் திரும்பியவர்களா என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு குழப்பம் 'ஹிட்' என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு பக்கத்தை நீங்கள் திறந்தால், அந்தப் பக்கம் ஒரு பைலாகவும் அதில் உள்ள ஒவ்வொரு படமும் தனித்தனிப் பைலாகவும் சர்வரிலிருந்து வருகின்றன. ஒவ்வொரு பைலும் ஒரு ஹிட். பக்கத்தில் 20 படங்கள் இருந்தால், ஒருவர் ஒரு முறை வந்ததற்கு 21 ஹிட் விழும். 'மாதம் ஒரு லட்சம் ஹிட்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், பக்கத்திற்கு எத்தனை படம் வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இது தவிர, வருவதெல்லாம் மனிதர்களும் அல்ல. கூகுள் போன்ற தேடல் தளங்கள் தங்கள் பட்டியலைப் புதுப்பிக்க புரோகிராம்களை அனுப்பிக் கொண்டே இருக்கின்றன. இவற்றை 'பாட்' என்பார்கள். இவையும் சாதாரண கவுன்ட்டரில் விருந்தாளிகளாகப் பதிவாகிவிடும். நீங்களே உங்கள் தளத்தைப் பத்து முறை திறந்து பார்த்தால் அதுவும் கணக்கில் சேரும்.

தமிழ்த் தளங்கள் தந்த பாடம்

எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்குத் தமிழிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென்று ஓர் எழுத்துருவை, அதாவது பான்ட்டை, வைத்திருந்தது. அதை டவுன்லோட் செய்து கம்ப்யூட்டரில் பதிந்தால்தான் பக்கம் தமிழில் தெரியும். பதியாவிட்டால் புள்ளியும் கோடும் கலந்த புரியாத எழுத்துகள் வரிசையாக வரும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டு முறைகளும் தமிழ்99 கீபோர்டும் அதிலிருந்து வந்தவை. விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் லதா என்ற யூனிகோடு எழுத்துரு சேர்ந்தே வந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது, யூனிகோடையும் டேஸ்16 முறையையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. இன்று எந்தப் போனிலும் கம்ப்யூட்டரிலும் தமிழ் தானாகவே தெரிகிறது.

அந்த ஆண்டுகளில் ஒருவர் பான்ட் இல்லாமல் ஒரு தமிழ்த் தளத்தைத் திறந்தார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் மூடிவிட்டுப் போயிருப்பார். ஆனால் கவுன்ட்டரில் ஒன்று ஏறியிருக்கும். பான்ட் டவுன்லோட் ஆகிக் கொண்டிருக்கும்போது மறுபடியும் மறுபடியும் திறந்து பார்த்தவர் மூன்று, நான்கு என்று ஏற்றியிருப்பார். படிக்க முடியாதவர்களால்கூடக் கூடுகின்ற எண்ணிக்கையை வைத்துக் கொண்டு பக்கம் நன்றாக இருக்கிறது என்று எப்படி முடிவு செய்வது?

பான்ட் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால் வந்தவர் படித்தாரா, படிக்க முடியாமல் போனாரா என்பது கவுன்ட்டருக்கு இன்றும் தெரியாது.

சர்வர் எழுதும் நோட்டு

சரி, வேறு எதைப் பார்ப்பது? உங்கள் தளம் இருக்கும் சர்வர், கேட்காமலேயே ஒரு நோட்டு எழுதி வருகிறது. அதன் பெயர் லாக் பைல். ஒவ்வொரு முறை ஒரு பைல் கேட்கப்படும்போதும் அதில் ஒரு வரி சேரும். எந்த ஐ.பி. முகவரியிலிருந்து கேட்டார்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், அது கிடைத்ததா இல்லையா, எந்தத் தளத்திலிருந்து வந்தார்கள், எந்த பிரவுசரில் பார்த்தார்கள் என்பவை அந்த வரியில் இருக்கும். லாரி டிரைவர் எழுதும் டிரிப் ஷீட் போன்றதுதான். இதைப் படித்துப் பட்டியல் போட்டுக் காட்ட ஏடபிள்யூஸ்டாட்ஸ், கோஅக்சஸ் போன்ற இலவச புரோகிராம்கள் உள்ளன. ஹோஸ்டிங் கம்பெனிகள் பல, தங்கள் கன்ட்ரோல் பேனலிலேயே ஏடபிள்யூஸ்டாட்ஸை வைத்துத் தருகின்றன.

எங்கள் பகுதியில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றின் தளத்திற்கு இந்த லாக் பைலை எடுத்துப் பார்த்தேன். மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, '404' என்ற எண் திரும்பத் திரும்ப வந்தது. கேட்ட பக்கம் இல்லை என்பதற்கு சர்வர் தரும் பதில் அது. தளத்தைப் புதுப்பித்தபோது ஒரு பழைய பக்கத்தை நீக்கியிருந்தார்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் அச்சாகியிருந்தது அந்தப் பழைய முகவரி. கார்டைப் பார்த்து டைப் செய்து வந்தவர்கள் அனைவரும் மூடிய கதவில் முட்டிக் கொண்டிருந்தார்கள். பழைய முகவரியைப் புதிய பக்கத்திற்குத் திருப்பிவிட ஐந்து நிமிட வேலை போதுமாக இருந்தது.

இரண்டாவது, வருபவர்களில் பெரும்பாலோர் போனில் பார்ப்பவர்கள். ஆனால் முதல் பக்கத்தில் சங்ககிரி மலைக்கோட்டையின் மிகப் பெரிய படம் ஒன்று இருந்தது. படம் அழகுதான். வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் நின்று பார்ப்பவருக்கு அது திறந்து முடிவதற்குள் பொறுமை போய்விடும். படத்தைச் சிறிதாக்கினோம்.

மூன்றாவது, விலை விவரம் உள்ள பக்கத்தைப் பார்த்தவர்கள், அடுத்ததாகத் தொடர்பு கொள்ளும் பக்கத்தைத் தேடித் தேடிப் போயிருந்தார்கள். காரணம், போன் நம்பர் ஒரு படத்திற்குள் எழுதப்பட்டிருந்தது. படத்தில் உள்ள நம்பரைத் தொட்டால் போன் போகாது. மனப்பாடம் செய்து டயல் செய்ய வேண்டும். அதைச் சாதாரண எழுத்தாக மாற்றி, தொட்டால் அழைப்பு போகும்படி எல்லாப் பக்கங்களின் மேலேயும் வைத்தோம்.

இந்த மூன்றையும் கண்டுபிடிக்க, வந்தவர் யார், ஊர் எது, வேறு எந்தத் தளங்களைப் பார்ப்பவர் என்று எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்களை 'பவுன்ஸ்' என்று கணக்கிட்டு, அது அதிகமானால் தளம் மோசம் என்று பலர் பயமுறுத்துவார்கள். முதல் பக்கத்திலேயே போன் நம்பர் கிடைத்து, உடனே அழைத்துப் பேசியவரும் அந்தக் கணக்கில் பவுன்ஸ்தான். பட்டறைக்காரருக்கு அவரைவிட நல்ல வாடிக்கையாளர் யார்?

குக்கி முதல் வேவு வரை

பின்தொடர்வது எப்படி ஆரம்பித்தது? 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மான்டுல்லி என்ற புரோகிராமர் 'குக்கி' என்ற முறையை உருவாக்கினார். உங்கள் கம்ப்யூட்டரில் தளம் எழுதி வைக்கும் சிறு குறிப்பு அது. நெட்ஸ்கேப் தளத்திற்கு வந்தவர் முன்பே வந்தவரா என்று பார்ப்பதற்குத்தான் அது முதலில் பயன்பட்டது. கடைக்காரர் பழைய வாடிக்கையாளரை அடையாளம் கண்டு கொள்வது போல. அதில் தவறு ஒன்றும் இல்லை.

சிக்கல் மூன்றாம் ஆள் நுழைந்ததில் வந்தது. கூகுள் 2005-ல் அர்ச்சின் என்ற கம்பெனியை வாங்கி, அந்த ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிடிக்ஸ் சேவையை இலவசமாகத் தந்தது. அது வரை காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த விவரங்கள் சில வரி கோடை ஒட்டினாலே கிடைத்தன. எல்லோரும் ஒட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் அர்விந்த் நாராயணனும் அவருடன் ஆராய்ந்த ஸ்டீவன் இங்கிள்ஹார்ட்டும் 2016-ல் 10 லட்சம் தளங்களைச் சோதித்தார்கள். அவற்றில் கிட்டத்தட்ட 70 சதவீதத் தளங்களில் கூகுள் அனலிடிக்ஸ் இருந்தது. ஆயிரம் கடைகளின் வாசலிலும் ஒரே ஆள் நோட்டோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள்.

இதைவிட அதிர்ச்சி அடுத்த ஆண்டு வந்தது. 'வடிவமைப்பை மேம்படுத்த' என்று சொல்லி 'செஷன் ரீப்ளே' என்ற வகை புரோகிராம்களைத் தளங்களில் வைக்கிறார்கள். நீங்கள் மவுசை எங்கே நகர்த்தினீர்கள், எங்கே கிளிக் செய்தீர்கள், எவ்வளவு தூரம் பக்கத்தை உருட்டினீர்கள் என்பதை வீடியோ போலப் பதிவு செய்து, பிறகு ஓட்டிப் பார்க்கும் வசதி இது. பிரின்ஸ்டன் குழு 2017 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், அப்போதைய அலெக்சா தர வரிசையின் முதல் 50 ஆயிரம் தளங்களில் 482 தளங்களில் இப்படிப் பதிவு நடப்பதற்கான ஆதாரம் கிடைத்தது. படிவத்தில் டைப் செய்ததை, சப்மிட் பட்டனை அழுத்தும் முன்பே இவற்றால் பதிவு செய்ய முடியும். அமெரிக்க மருந்துக் கடைத் தளம் ஒன்றிலிருந்து நோயின் பெயரும் மருந்தின் பெயரும் பதிவு செய்யும் கம்பெனிக்குப் போய்க் கொண்டிருந்தன.

எழுதிவிட்டு, வேண்டாம் என்று அழித்ததையும் இன்னொருவர் படிக்கிறார். பட்டன் எந்த இடத்தில் இருந்தால் நல்லது என்று தெரிந்து கொள்ள இவ்வளவு விலையா?

பெரிய கம்பெனிகளால் முடிந்தது

'இதெல்லாம் இல்லாமல் இன்று தொழில் செய்ய முடியாது' என்று என் நண்பர்கள் சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. விளம்பரத்திற்குப் பணம் செலவழிப்பவருக்கு, எந்த விளம்பரம் ஆளைக் கொண்டு வந்தது என்று தெரிய வேண்டும். லட்சக்கணக்கானோர் வரும் தளத்தில் லாக் பைலை மட்டும் வைத்து எல்லாவற்றையும் அறிய முடியாது. செல்போன் கம்பெனிகள் ஒரே ஐ.பி. முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருவதால், லாக் பைலில் ஆட்களின் கணக்கும் துல்லியமாக இருக்காது.

ஆனால் முடியவே முடியாது என்பதை ஒப்புக் கொள்ள மாட்டேன். நம் தமிழ்நாட்டில் வளர்ந்த ஜோஹோ, வேறு கம்பெனிகளின் டிராக்கர்களைத் தன் தளங்களிலிருந்து நீக்கிவிட்டதாக 2020-ல் அறிவித்தது. உலகம் முழுவதும் வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் கம்பெனிக்கு அது முடிகிறதென்றால், சங்ககிரியில் நான்கு பக்கம் உள்ள தளத்திற்கு முடியாதா? கணக்கு விரிவாக வேண்டும் என்பவர்கள் மட்டோமோ என்ற இலவச புரோகிராமைத் தங்கள் சர்வரிலேயே நிறுவிக் கொள்ளலாம். விவரம் வெளியே போகாது. கூகுளில் என்ன சொல் போட்டுத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்று அறிய, கூகுள் சர்ச் கன்சோல் போதும். அதற்காக உங்கள் பக்கத்தில் வருபவர்களைப் பின்தொடரும் கோட் எதையும் வைக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடச் சிறந்த கருவி ஒன்று இருக்கிறது. ஜேக்கப் நீல்சன் என்ற வெப்சைட் பயன்பாட்டு நிபுணர் 2000-ம் ஆண்டில் எழுதினார்: ஐந்து பேரை உட்கார வைத்துச் சோதித்தாலே தளத்தின் குறைகளில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். நான் இதைப் பட்டறைத் தளத்தில் செய்து பார்த்தேன். ஒரு டிரைவர், ஒரு கணக்குப்பிள்ளை, ஒரு கல்லூரி மாணவி, ஒரு லாரி முதலாளி, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர். கையில் போனைக் கொடுத்து, 'பாடி கட்ட எவ்வளவு நாள் ஆகும் என்று கண்டுபிடியுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக் கொண்டேன். அரை மணி நேரத்தில் எல்லாக் குழப்பமும் வெளியே வந்தது. அந்தப் பெரியவர் மெனுவில் இருந்த மூன்று கோடு அடையாளத்தைத் தொடவே இல்லை. அது ஒரு பட்டன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதன் மேல் 'பட்டியல்' என்று தமிழில் எழுதினோம். இதை எந்த டிராக்கரும் எனக்குச் சொல்லியிருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒருவரின் விவரத்தை எடுக்க அனுமதி கேட்கும்போது, எதற்காக எடுக்கிறீர்கள் என்று எளிய மொழியில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ அதைப் படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். அதில் தமிழும் அடக்கம். 'நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்று வேறு கம்பெனிக்குச் சொல்லப் போகிறோம், சரியா?' என்று தமிழில் தெளிவாக எழுதிக் கேட்க ஒரு தளக்காரருக்குக் கூச்சமாக இருந்தால், அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

நீங்கள் என்ன செய்யலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பார்வையாளர்கள். பிறகுதான் தளம் வைப்பவர்கள். எனவே முதலில் உங்களைப் பாதுகாத்துக் கொள்ளுங்கள். பயர்பாக்ஸ் பிரவுசர் 2019-லிருந்தும், ஆப்பிளின் சஃபாரி 2020-லிருந்தும் மூன்றாம் ஆளின் டிராக்கிங் குக்கிகளைத் தாமாகவே தடுக்கின்றன. குரோமில் அப்படி இல்லை. தடுக்கப் போவதாக 2020-ல் சொன்ன கூகுள், 2024-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. எனவே குரோம் பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸ் பகுதியில் பிரைவசி பிரிவுக்குச் சென்று, தேர்டு பார்ட்டி குக்கிகளைத் தடுக்கும் தேர்வை நீங்களே கிளிக் செய்ய வேண்டும். குக்கிக்கு அனுமதி கேட்கும் பெட்டி வந்தால், மறுக்கும் பட்டன் எங்கே என்று ஒரு நிமிடம் தேடுங்கள். மங்கலான எழுத்தில் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும்.

நாளை நீங்களே ஒரு தளம் ஆரம்பித்தால், வடிவமைத்துத் தருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு கம்பெனியின் கோட் எதையெல்லாம் ஒட்டியிருக்கிறீர்கள்? அது இல்லாவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்? லாக் பைலை நான் எங்கே பார்ப்பது? முதல் கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால் அந்தத் தளத்திற்குக் காசு கொடுக்கும் முன் யோசியுங்கள்.

பிறகு மாதம் ஒரு முறை லாக் பைலைத் திறந்து, கவுன்ட்டர் எண்ணைத் தாண்டிக் கீழே வாருங்கள். 404 பட்டியலைப் பாருங்கள். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் உங்களைத் தேடி வந்து, கிடைக்காமல் திரும்பிய ஒருவராக இருக்கலாம். அவர் யார் என்று நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டாம். அடுத்த முறை அவர் வரும்போது அந்தப் பக்கம் திறக்கும்படி செய்துவிடுங்கள், அது போதும்.